அன்மவுண்ட் ஆக மறுக்கும் /டேட்டா: சுருக்கி /வார்-க்கு இடம் கொடுக்க வேண்டும்

ஒளிர்முனை | செவ்வாய், மாலை 6:40

வணக்கம். ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன், யாராவது வழி சொல்லுங்க. தமிழ்க் கீபோர்டுல அடிக்கிறதால கமாண்ட் பேரையெல்லாம் சத்தப்படியே எழுதுறேன்.

லினக்ஸ் சர்வர்ல ஒரே டிஸ்க், அதுக்கு மேல எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம் வால்யூமா பிரிச்சுக் குடுக்கிறது). /டேட்டா 400 ஜிபி, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், உள்ள 130 ஜிபிதான் இருக்கு. /வார் 40 ஜிபி, எக்ஸ்எஃப்எஸ், 91 சதவீதம் நிரம்பிடுச்சு. வால்யூம் குரூப்ல (எல்லா வால்யூமுக்கும் பொதுவான இடம்) துளி இடம் மிச்சமில்ல. /டேட்டாவை 250-க்குக் குறைச்சு மீதியை /வாருக்குக் குடுக்கலாம்னு கணக்கு.

ஆனா முதல் படியே ஏறல. /டேட்டாவைச் சிஸ்டத்துலேர்ந்து கழற்ற (அன்மவுண்ட்) யூமவுண்ட் /டேட்டா அடிச்சா "டார்கெட் இஸ் பிஸி". திறந்திருக்கிற ஃபைலைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் போட்டா காலி. யாரு பயன்படுத்துறாங்கன்னு காட்டுற எஃப்யூசர் -விஎம் போட்டா எந்த ப்ராசஸ் பேரும் இல்ல, பிஐடி (ப்ராசஸ் எண்) வரவேண்டிய இடத்துல "கர்னல்"னு மட்டும் நிக்குது. ரீபூட் பண்ணியும் பாத்தாச்சு, அதே கதை.

யூமவுண்ட் -எல் போட்டா உடனே கழண்டுடும்னு ஒரு இடத்துல படிச்சேன். போடலாமா? காலைல 9 மணிக்கு ஆட்கள் வந்துடுவாங்க, ராத்திரிதான் எனக்குக் கிடைக்கிற நேரம்.

பழைய டெர்மினல் | மாலை 6:58

-எல் வேண்டாம். வேறு வேலைக்கு என்றால் யோசிக்கலாம், சுருக்கும் வேலைக்கு முன்னால் கூடவே கூடாது.

அந்த ஆப்ஷன் லினக்ஸ் 2.4.11-இல் வந்தது. அது ஃபைல் சிஸ்டத்தை நிறுத்துவதில்லை. டைரக்டரி மரத்திலிருந்து பெயரை மட்டும் கழற்றிவிடும். யார் உள்ளே ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள். கடைசி ஆள் கையை எடுத்த பிறகுதான் உண்மையாக அன்மவுண்ட் ஆகும். அது இன்று ராத்திரியா அடுத்த வாரமா என்று உங்களுக்குத் தெரியாது, ப்ராம்ப்ட் மட்டும் உடனே திரும்பிவிடும். அந்த நிலையில் அடியில் இருக்கும் வால்யூமை வெட்டினால் உயிரோடு இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் வாலை வெட்டுகிறீர்கள்.

"பிஸி" என்றால் யாரோ ஒருவர் பிடித்திருக்கிறார் என்று லினக்ஸின் மையமான கர்னல் சொல்கிறது. அது சரியாகத்தான் சொல்கிறது. எல்எஸ்ஓஎஃப் காலியாக வருகிறது என்றால் பிடித்திருப்பது ப்ராசஸ் இல்லை, கர்னலே. எஃப்யூசரில் வரும் "கர்னல் மவுண்ட்" வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மவுண்ட் ஆன எதற்கும் அது வரும். அதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்த நான்கையும் ரூட்டாக ஓட்டி வருவதை இங்கே போடுங்கள்: ஸ்வாப்ஆன் --ஷோ, லோசெட்டப் -ஏ, ஃபைண்ட்மவுண்ட் -ஆர் /டேட்டா, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி. உள்ளே ஸ்வாப் ஃபைல் (ராம் போதாதபோது பயன்படுவது) இருந்தாலும், உள்ளே இருக்கும் ஐஎஸ்ஓ இமேஜ் ஃபைலை ஒரு டிஸ்க் போல லூப் டிவைஸாக மாட்டியிருந்தாலும், உள்ளே இன்னொரு மவுண்ட் இருந்தாலும், நெட்வொர்க்கில் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்திருந்தாலும், எல்எஸ்ஓஎஃப் வாயே திறக்காது.

நள்ளிரவு நிரல் | இரவு 7:20

நான் வருஷக்கணக்கா -எல் தான் போடுறேன், ஒண்ணும் ஆனதில்ல. அவசரத்துக்கு இவ்வளவு தேடிக்கிட்டு இருக்க முடியுமா?

மென்தறி | இரவு 7:41

நள்ளிரவு நிரல், எனக்கு ஆகியிருக்கிறது, அதனால் சொல்கிறேன். வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் காப்பி ஆகிக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். யூமவுண்ட் பிஸி என்றது, -எல் போட்டேன், ப்ராம்ப்ட் வந்தது, கேபிளை உருவினேன். பின்னணியில் இன்னொரு டெர்மினலில் காப்பி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் மாட்டிப் பார்த்தால் ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, கடைசி நாற்பது ஐம்பது ஃபைல்களின் அளவு 0. பெயர் இருந்ததால் காப்பி முழுசாக ஆகிவிட்டது என்று நம்பி மூலத்தை அழித்திருந்தேன். அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

என்எஃப்எஸ் சர்வர் எதிர்முனையில் செத்துப்போய் இந்தப் பக்கம் எல்லாமே தொங்கினால் -எஃப்-ம் -எல்-ம் உதவும், மறுக்கவில்லை. லோக்கல் டிஸ்க்கில், அதுவும் அதன்மேல் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் சோதனை), ரீசைஸ் ஓட்டப்போகும்போது வேண்டாம்.

ஏற்கெனவே -எல் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதே டிவைஸைத் திரும்ப எங்காவது மவுண்ட் செய்யுங்கள். உள்ளே ஃபைல் சிஸ்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் கர்னல் புதிதாக ஒன்றைத் திறக்காது, அதையே காட்டும். அப்போது அந்தப் புது மவுண்ட்மேல் எஃப்யூசர் -விஎம் போட்டால் பழைய ஆட்கள் எல்லாரும் வெளியே வருவார்கள். அவர்களை நிறுத்திவிட்டு ஒழுங்காக அன்மவுண்ட் செய்யலாம்.

புதுவிதை | இரவு 7:55

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிஸி வருகிறது, ஆனால் எஃப்யூசரில் ஆட்கள் தெரிகிறார்கள். ஆக்சஸ் என்ற பத்தியில் ஒன்றுக்கு "..சி.." என்றும் இன்னொன்றுக்கு "எஃப்", "எம்" என்றும் இருக்கிறது. எஃப்யூசர் -கேஎம் போட்டுக் கொன்றுவிடலாமா?

பழைய டெர்மினல் | இரவு 8:10

புதுவிதை, அந்த எழுத்துகளைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. சி என்றால் அந்த ப்ராசஸ் அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் நீங்களே என்றோ சிடி போட்டு உள்ளே போய் மறந்துவிட்ட ஷெல். அந்த டெர்மினலில் சிடி என்று மட்டும் அடித்தால் வெளியே வந்துவிடும், எதையும் கொல்ல வேண்டியதில்லை. சிறிய எஃப் திறந்த ஃபைல், பெரிய எஃப் எழுதுவதற்காகத் திறந்தது. எம் என்றால் மெமரியில் மேப் ஆன ஃபைல், லைப்ரரிகள் இப்படி வரும். இ ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம். ஆர் என்றால் அதையே ரூட்டாக வைத்து ஓடும் ப்ராசஸ், சிஎச்ரூட்டில் பார்க்கலாம்.

-கேஎம் விஷயத்தில் கவனம். -கே எதுவும் சொல்லாவிட்டால் உடனே கொல்லும் "சிக்கில்" சிக்னலை அனுப்பும், மென்மையான "டெர்ம்" இல்லை. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது அது விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைவிட மோசம்: நீங்கள் கொடுத்த டைரக்டரி அந்த நேரத்தில் மவுண்ட் ஆகியிருக்கவில்லை என்றால், -எம் "இந்தப் பாதை எந்த ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது" என்று பார்த்து ரூட் ஃபைல் சிஸ்டத்தையே எடுத்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்தும் எல்லா ப்ராசஸும் பலி. கட்டாயம் போட வேண்டுமென்றால் பெரிய எம்-ஐயும் சேருங்கள். கொடுத்த பாதை மவுண்ட் பாயின்டாக இல்லாவிட்டால் அது கிட்டவே போகாது.

ஒளிர்முனை | இரவு 8:32

பழைய டெர்மினல் அண்ணா, நாலையும் ஓட்டிட்டேன்.

ஸ்வாப்ஆன்: /டேட்டா/ஸ்வாப்ஃபைல், 8 ஜிபி, பயன்பாடு 1.2 ஜிபி. இது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது, பூட் ஆகும்போது படிக்கிற எஃப்எஸ்டாப்லயும் இருக்கு, அதான் ரீபூட்டுக்கு அப்புறமும் வந்துடுச்சு.
லோசெட்டப்: ஒண்ணும் இல்ல.
ஃபைண்ட்மவுண்ட்: /டேட்டா மட்டும், உள்ள வேற மவுண்ட் இல்ல.
எக்ஸ்போர்ட்எஃப்எஸ்: /டேட்டா/பகிர்வு, உள் நெட்வொர்க் முழுக்கத் திறந்து கிடக்கு. இதுவும் எனக்குத் தெரியாது.

ஸ்வாப்ஆஃப் போட்டா சர்வர் விழுந்துடுமா?

பழைய டெர்மினல் | இரவு 8:40

ஃப்ரீ -எச் போட்டுப் பாருங்கள். "அவைலபிள்" பத்தியில் 1.2 ஜிபியைவிட நல்ல அளவு கூடுதலாக இருந்தால் தைரியமாகப் போடலாம். ஸ்வாப்பில் இருப்பதை எல்லாம் அது ராமுக்கு இழுத்து வர வேண்டும், அதனால் சில நிமிடம் பேசாமல் நிற்கும். கன்ட்ரோல் சி அடிக்காமல் காத்திருங்கள். இடம் போதாது என்றால் மெமரி இல்லை என்று சொல்லி மறுத்துவிடும்.

பிறகு என்எஃப்எஸ். ராத்திரி யாரும் பயன்படுத்தவில்லை என்றால் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யூஏ. எல்லா எக்ஸ்போர்ட்டையும் அது தற்காலிகமாக இறக்கும். காலையில் -ஏஆர் போட்டால் திரும்ப ஏறும். கிளையன்ட் ஒருமுறை தொட்ட எக்ஸ்போர்ட்டைக் கர்னல் தன் கேஷில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு பிஐடி கிடையாது, அதனால்தான் நீங்கள் தேடித் தேடி ஆளே அகப்படவில்லை.

ஒளிர்முனை | இரவு 9:05

ஸ்வாப்ஆஃப் நாலு நிமிஷம் எடுத்துது, முடிஞ்சுது. எக்ஸ்போர்ட் இறக்கினேன். யூமவுண்ட் /டேட்டா, ஒரு வார்த்தை பேசாம கழண்டுடுச்சு! சந்தோஷமா இ2எஃப்எஸ்சிகே -எஃப் போட்டா:

"/டெவ்/மேப்பர்/விஜி-டேட்டா இஸ் இன் யூஸ். கேனாட் கன்டின்யூ, அபார்ட்டிங்."

மவுண்ட் கமாண்ட்ல இல்ல, ஃபைண்ட்மவுண்ட்ல இல்ல, எல்எஸ்பிஎல்கேல மவுண்ட் பாயின்ட் பத்தி காலி. -எல் போடல, சத்தியமா. இப்ப யாரு பிடிச்சிருக்காங்க?

எட்டாம்பிட் | இரவு 9:12

எல்விஎஸ் போட்டு ஆட்ரிப்யூட் பத்தியைப் பாருங்கள். ஆறாவது எழுத்து ஓ-வா கோடா?

ஒளிர்முனை | இரவு 9:14

ஓ.

எட்டாம்பிட் | இரவு 9:26

அப்படியானால் வால்யூம் இன்னும் திறந்தே இருக்கிறது. இ2எஃப்எஸ்சிகே நிறுத்தியது உங்கள் நல்ல நேரம். அது டிவைஸைத் தனக்கு மட்டும் என்று கேட்டுத் திறக்கும், வேறு யாராவது வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அந்த மெஷினில் கன்டெய்னர் (தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் ப்ரோக்ராம்) ஏதாவது ஓடுகிறதா? நீங்கள் பார்க்கும் மவுண்ட் பட்டியல் உங்கள் நேம்ஸ்பேஸுக்கு (உங்கள் சூழலின் தனி மவுண்ட் பார்வை) உரியது மட்டும். கன்டெய்னர் தொடங்கும்போது /டேட்டாவை உள்ளே பைண்ட் செய்திருந்தால், அதற்குத் தனியாக ஒரு மவுண்ட் கிடைத்திருக்கும். பெரும்பாலான கன்டெய்னர் மென்பொருள்கள் அதை ப்ரைவேட்டாக வைக்கின்றன, நீங்கள் இங்கே கழற்றுவது அங்கே போய்ச் சேராது. இங்கே யூமவுண்ட் வெற்றி, அங்கே அதே ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியே இருக்கிறது. கன்டெய்னருக்குள் ஒரு ஃபைலும் திறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா தூங்கிக்கொண்டிருந்தாலும் பிடிப்பு பிடிப்புதான். அதனால்தான் எஃப்யூசரில் அது வரவே இல்லை.

கண்டுபிடிக்க:

கிரெப் -எல் விஜி-டேட்டா /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ

பாதையை வைத்துத் தேடாதீர்கள். உள்ளே அது /பேக்கப், /சோர்ஸ் என்று வேறு பெயரில் இருக்கலாம். டிவைஸ் பெயர் எல்லா நேம்ஸ்பேஸிலும் ஒன்றுதான். வரும் பாதைகளில் இருக்கும் எண்தான் பிஐடி.

கன்டெய்னர் இல்லாவிட்டாலும் இது வரலாம். சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் ப்ரைவேட்டிஎம்பி, ப்ரொடெக்ட்சிஸ்டம் போன்ற வரிகள் இருந்தால் அந்த சர்வீஸுக்கும் தனி நேம்ஸ்பேஸ் உண்டு. வழக்கமாக நாம் கழற்றுவது அங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும், எப்போதும் அப்படி அமையும் என்று நம்பி இருக்க முடியாது.

ஒளிர்முனை | இரவு 9:48

கிடைச்சுடுச்சு!! ரெண்டு பிஐடி, ரெண்டும் ஒரே கன்டெய்னர். தினமும் அதிகாலை 3 மணிக்கு எழுந்து /டேட்டாவை வேற இடத்துக்குக் காப்பி எடுத்துட்டு மறுபடி தூங்குற பேக்கப் கன்டெய்னர். பகல் முழுக்க ஸ்லீப். அதை ஸ்டாப் பண்ணின அடுத்த நொடி எல்விஎஸ்ல ஓ போய் கோடு வந்துடுச்சு. எட்டாம்பிட், கோடி நன்றி. ரெண்டு நாள் இதுக்காகத் தூங்கல.

இப்ப ரீசைஸ் போகலாமா? எந்த வரிசைல?

மீதி இடம் | இரவு 9:55

ரீசைஸுக்கு முன்னால் ஒரு கேள்வி. /வார் உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா? டிஎஃப் (ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு) சொல்வதை மட்டும் பார்த்தீர்களா, ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியூ -எக்ஸ்எஸ்எச் /வார் போட்டீர்களா?

ஒளிர்முனை | இரவு 10:04

டிஎஃப்ல 36.4 ஜிபி. டியூல 25-தான் வருது. 11 ஜிபிக்கு மேல எங்க போச்சு?

மீதி இடம் | இரவு 10:11

நினைத்தேன். இதுவும் உங்கள் முதல் பிரச்சினைக்கு உடன்பிறப்புதான், யாரோ பிடித்திருக்கிறார்கள். எல்எஸ்ஓஎஃப் +எல்1 போடுங்கள், அழித்த பிறகும் திறந்தே இருக்கும் ஃபைல்களை மட்டும் காட்டும். வரியின் கடைசியில் "டெலீட்டட்" என்று இருக்கும். பெரும்பாலும் லாக் ஃபைல்தான். யாரோ ஆர்எம் போட்டிருப்பார்கள், பெயர் போய்விட்டது, எழுதும் சர்வீஸ் கையை விடவில்லை, இடமும் திரும்பவில்லை.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ரீஸ்டார்ட் செய்ய முடியாத சர்வீஸ் என்றால் /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண் என்ற பாதையில் அந்த ஃபைல் இன்னும் கைக்கு எட்டும், ட்ரன்கேட் -எஸ் 0 கொடுத்து வெறுமையாக்கலாம். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், பக்கத்து எஃப்டி டேட்டாபேஸ் ஃபைலாக இருக்கும்.

ஒளிர்முனை | இரவு 10:22

ஒரே லாக், 11 ஜிபி. சர்வீஸ் ரீஸ்டார்ட் பண்ணினேன், /வார் 63 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. ஆச்சரியமா இருக்கு. ஆனாலும் டேட்டாபேஸ் /வார் கீழதான் வளருது, மாசா மாசம் ஏறுது. /டேட்டா எப்படியும் கழண்டு நிக்குது, இன்னைக்கே முடிச்சுடுறேன்.

பழைய டெர்மினல் | இரவு 10:45

சரி, வரிசை. பேக்கப் இன்று அதிகாலை எடுத்ததா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எடுத்தது என்றால் போதாது, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து) இருந்தால், இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் போங்கள். சுருக்கும் நடுவே இணைப்பு அறுந்து ரீசைஸ் பாதியில் செத்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

சுருக்கும்போது உள்ளிருந்து வெளியே வர வேண்டும்: முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு வால்யூம். பெரிதாக்கும்போது வெளியிலிருந்து உள்ளே: முதலில் வால்யூம், பிறகு ஃபைல் சிஸ்டம். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்று மனதில் வைத்துக்கொண்டால் தவறு வராது.

இ2எஃப்எஸ்சிகே -எஃப் முழுசாக ஓடட்டும், அது ஓடாமல் ரீசைஸ்2எஃப்எஸ் சுருக்க ஒத்துக்கொள்ளாது. அடுத்து ரீசைஸ்2எஃப்எஸ் -பெரிய பி. குறைந்தது எத்தனை ப்ளாக் தேவை என்று சொல்லும். ப்ளாக் 4 கேபி, பெருக்கிப் பாருங்கள், 250-க்கு வெகு கீழே இருக்க வேண்டும்.

பிறகு நேராக 250-க்குப் போகாதீர்கள். ஃபைல் சிஸ்டத்தை 240-க்குச் சுருக்குங்கள், எல்விரெட்யூஸால் வால்யூமை 250-க்குக் குறையுங்கள், கடைசியில் அளவே கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டுங்கள், அது வால்யூமின் விளிம்புவரை தானே விரியும். அந்த 10 ஜிபி இடைவெளி எதற்கு என்று கேட்டால், யூனிட் குழப்பத்துக்கும் ரவுண்டிங்குக்கும்.

எட்டாம்பிட் | இரவு 10:52

எல்விரெட்யூஸ் -ஆர் போட்டால் செக், சுருக்கம், வால்யூம் மூன்றையும் சரியான வரிசையில் அதுவே செய்துவிடும். இப்போதெல்லாம் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கைக்கணக்கில் தவறு வருவது மனிதரால்தான்.

பழைய டெர்மினல் | இரவு 10:57

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை செய்பவர் ஒவ்வொரு படியின் விடையையும் கண்ணால் பார்க்கட்டும். எந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று தெரிந்தவருக்கு -ஆர் வசதி, தெரியாதவருக்கு அது ஒரு கறுப்புப் பெட்டி.

மென்தறி | இரவு 11:10

யூனிட் குழப்பம் என்று பழைய டெர்மினல் ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அதில் நான் மூழ்கப் பார்த்தவள், விரிவாகச் சொல்கிறேன். எல்விஎம் இல்லாத மெஷின், வெறும் பார்ட்டிஷன். ரீசைஸ்2எஃப்எஸில் 50ஜி என்று கொடுத்துச் சுருக்கினேன். பார்ட்டிஷனை மாற்றும் பார்ட்டெடில் ரீசைஸ்பார்ட் 50ஜிபி என்று கொடுத்தேன். இரண்டும் ஐம்பதுதானே?

இல்லை. ரீசைஸ்2எஃப்எஸின் ஜி 1024-ஐ மூன்று முறை பெருக்கியது, ஐம்பதுக்கு 5,368 கோடியே சொச்சம் பைட். பார்ட்டெடின் ஜிபி 1000-ஐ மூன்று முறை பெருக்கியது, ஐம்பதுக்கு வெறும் 5,000 கோடி பைட். ஃபைல் சிஸ்டத்தைவிடப் பார்ட்டிஷன் மூன்றரை ஜிபிக்கு மேல் குட்டையாகிவிட்டது. மவுண்ட் மறுத்தது. டிமெசேஜில் (கர்னல் லாக்) "பேட் ஜியோமெட்ரி: ப்ளாக் கவுண்ட் 13107200 எக்சீட்ஸ் சைஸ் ஆஃப் டிவைஸ்" என்று வந்தது.

எனக்குக் கை நடுங்கியது. பதற்றத்தில் இ2எஃப்எஸ்சிகே போட்டேன். அதுவும் கேட்டது: சூப்பர்ப்ளாக் சொல்லும் அளவு இவ்வளவு, டிவைஸின் உண்மை அளவு இவ்வளவு, இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது, நிறுத்தட்டுமா? அந்த இடத்தில் "ஒய்" (ஆம்) சொல்லி நிறுத்தியதுதான் என்னைக் காப்பாற்றியது. "என்" (இல்லை) சொல்லித் தொடர்ந்திருந்தால் விளிம்புக்கு வெளியே இருந்த ப்ளாக்குகளை எல்லாம் கெட்டவை என்று எடுத்துக்கொண்டு "சரிசெய்திருக்கும்".

பார்ட்டிஷன் டேபிளைக் குறைப்பது டேட்டாவை அழிப்பதில்லை, எல்லைக் கல்லைத்தான் நகர்த்துகிறது. பார்ட்டெடில் மறுபடி 55ஜிபி என்று நீட்டினேன், செக் சுத்தமாக முடிந்தது, மவுண்ட் ஆனது, ஒரு ஃபைலும் போகவில்லை. இதே செய்தி யாருக்காவது வந்தால் முதலில் எல்லைக் கல்லைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள், அதற்குப் பிறகுதான் எஃப்எஸ்சிகே. அன்றிலிருந்து பார்ட்டெடில் ஜிஐபி என்றுதான் அடிக்கிறேன்.

மீதி இடம் | இரவு 11:18

ஒளிர்முனை, எக்ஸ்எஃப்எஸ் பற்றி ஒன்று. மிச்சமாகும் 150 ஜிபியையும் /வாருக்கே கொட்டிவிடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் வளரும், சுருங்காது. அதன் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள பதிவு) எண்ணிலேயே டிஸ்க்கில் அது இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கிறது, ஐநோட்டை நகர்த்தினால் எண்ணே மாறிவிடும், அதனால் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துச் சுருக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. லினக்ஸ் 5.12-இல் சுருக்கும் வசதி என்று ஒன்று வந்தது, அதுவும் வாலில் காலியாக இருக்கும் இடத்தை வெட்டுவதோடு சரி. நம்பி இறங்க முடியாது. பிறகு குறைக்க வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்எஸ்டம்ப் எடுத்து, புதிதாக எம்கேஎஃப்எஸ் செய்து, திரும்பக் கொட்ட வேண்டும்.

60 ஜிபி கொடுங்கள், /வார் 100 ஆகும். மீதி 90 வால்யூம் குரூப்பில் சும்மா கிடக்கட்டும். அவசரத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடத்தில் நீட்டலாம். கொடுத்ததைப் பிடுங்க ஒரு ராத்திரி வேண்டும், அதை இன்று நீங்களே பார்த்தீர்கள்.

/வாரைக் கழற்ற வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்எஸ் மவுண்ட் ஆன நிலையில்தான் வளரும், எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ் கமாண்டுக்கு மவுண்ட் பாயின்டைக் கொடுங்கள்.

ஒளிர்முனை | புதன், அதிகாலை 1:37

முடிஞ்சுது. செவ்வாய் அதிகாலை பேக்கப் எடுத்திருந்தது, அதுலேர்ந்து மூணு ஃபைல் திறந்து பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். நடந்ததை அப்படியே எழுதுறேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

இ2எஃப்எஸ்சிகே 7 நிமிஷம், தவறு எதுவும் இல்ல. குறைந்தபட்சம் 3,48,97,216 ப்ளாக்னு சொல்லுச்சு, கணக்குப் போட்டா 133 ஜிபி சொச்சம். ரீசைஸ்2எஃப்எஸ் -பி போட்டு 240ஜி குடுத்தேன். ப்ளாக்கை நகர்த்துற படி ரொம்ப நேரம் எடுத்துது, எக்ஸ் எக்ஸா கோடு ஒண்ணு மெதுவா நீண்டுக்கிட்டே இருந்துது, ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் அசையவே இல்ல. டிமக்ஸ்ல இருந்ததால தைரியமா விட்டுட்டேன். மொத்தம் 50 நிமிஷம். எல்விரெட்யூஸ் 250, மறுபடி ரீசைஸ்2எஃப்எஸ், இன்னொரு தடவை செக். எல்லாம் சுத்தம். /வாருக்கு 60 குடுத்து க்ரோஎஃப்எஸ் போட்டேன், கண் சிமிட்டுற நேரம். இப்ப 100 ஜிபில 25.

ஒரு இடத்துல தப்புப் பண்ணினேன். /டேட்டாவை மவுண்ட் பண்றதுக்கு முன்னாடியே அவசரத்துல கன்டெய்னரை ஸ்டார்ட் பண்ணிட்டேன். அது ரூட்ல இருக்கிற காலி /டேட்டா டைரக்டரியைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நான் மவுண்ட் பண்ணியும் உள்ள அதுக்குக் காலியாத்தான் தெரிஞ்சுது. 3 மணி பேக்கப் அப்படியே ஓடியிருந்தா காலி டைரக்டரியைக் காப்பி எடுத்து, அந்தப் பக்கம் இருக்கிறதையெல்லாம் அழிச்சிருக்கும், ஏன்னா அது மிரர் மோட்ல இருக்கு. மென்தறி அக்கா சொன்ன 0 அளவு ஃபைல் ஞாபகம் வந்துதான் உள்ள போய்ப் பாத்தேன். கன்டெய்னரை நிறுத்தி, மவுண்ட் இருக்கான்னு பாத்துட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன்.

மென்தறி | காலை 6:50

நல்லவேளை. இதற்கு நிரந்தர வழி ஒன்று உண்டு. அடுத்தமுறை /டேட்டா கழண்டிருக்கும்போது அந்தக் காலி டைரக்டரிமேல் சிஎச்ஆட்டர் +ஐ போடுங்கள். மவுண்ட் வழக்கம்போல அதன்மேல் ஏறும். மவுண்ட் இல்லாதபோது யாராவது அதில் எழுத வந்தால் ரூட்டாக இருந்தாலும் மறுத்துவிடும். படிப்பதை அது தடுக்காது, அதனால் பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயின்ட் -க்யூ போட்டுச் சோதிக்கவும். மவுண்ட் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே வெளியேறட்டும்.

புதுவிதை | காலை 8:15

என் ஷெல் ஒன்றுதான் உள்ளே நின்றிருந்தது, சிடி அடித்ததும் கழண்டது. நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம்: ரூட் பார்ட்டிஷனையே சுருக்க வேண்டுமென்றால்? அதைக் கழற்ற முடியாதே.

பழைய டெர்மினல் | காலை 8:40

இஎக்ஸ்டி4 ஓடும்போது வளரும், சுருங்காது. ஆக ரூட்டைச் சுருக்க லைவ் யூஎஸ்பியில் பூட் செய்யுங்கள், அங்கே உங்கள் ரூட் இன்னொரு சாதாரண பார்ட்டிஷன்தான். வரிசை மேலே சொன்னதே. லைவ் சிஸ்டம் சில நேரம் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனைத் தானாக எடுத்துப் பயன்படுத்தும், ஸ்வாப்ஆன் --ஷோ பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் இந்தப் பாடே இல்லை, மவுண்ட் ஆன நிலையிலேயே இரண்டு பக்கமும் போகும்.

ஒளிர்முனை | காலை 9:20

ஸ்வாப் ஃபைலை /டேட்டாலேர்ந்து எடுத்துட்டேன். மிச்சம் இருந்த 90-ல 8 ஜிபிக்குத் தனி வால்யூம் போட்டு எஃப்எஸ்டாப்ல மாத்தியாச்சு. எக்ஸ்போர்ட்டை ரெண்டே ஐபிக்கு மட்டும்னு குறைச்சுட்டேன். ஸ்கிரிப்ட்ல மவுண்ட்பாயின்ட் வரியும் போட்டாச்சு. ஆட்கள் வந்துட்டாங்க, /டேட்டா திறக்குது.